வெண்கழி விருந்தின் முதல் கவளம்

உபசாரம் அளவோடு இருந்தால் அழகு. அளவு மீறினால் அதைப் போல் வம்பு வேறில்லை. நம்பாதவர்கள் வெண்கழி நாட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

வெண்கழியில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். உப்பு மலைமலையாகக் குவிந்து கிடந்தது; படகு கட்டத்தான் ஒரு நல்ல பலகை கிடையாது. கடலுக்கு அப்பால் தேக்கந்தீவில் மரமும் மீனும் வேண்டிய மட்டும் இருந்தன. மீனைக் கருவாடாக்கத்தான் உப்பில்லை. இப்படி ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக இருந்தும், பழைய அரசர் காலத்தில் மூண்ட ஏதோ சச்சரவால் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. சண்டை எதற்கு என்பது இரு கரையிலும் ஒருவருக்கும் நினைவில்லை. வீறாப்பை மட்டும் யாரும் மறக்கவில்லை.

அரசி முத்துநாச்சி பட்டத்துக்கு வந்ததும், தீவின் வேந்தர் மாறவேள் என்பவரை அரசமுறைப் பயணமாக வரும்படி அழைத்தார். அவரும் இணங்கினார். விருந்து முடிந்த கையோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு எதிலும் கையெழுத்திடுவதில்லை என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம்.

பொதுவல்லாத வழக்கமும் ஒன்று இருந்தது. வெண்கழியில் முதல் கவளத்தை வீட்டாரில் ஒருவர் உண்ண வேண்டும். சோற்றில் சூதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. தேக்கந்தீவிலோ வந்தவரில் ஒருவர் உண்ட பிறகே மற்றவர்கள் இலையில் கைவைப்பார்கள். வீட்டார் முந்திக்கொண்டால் விருந்தாளியை அவமதித்ததாக அர்த்தம்.

விருந்துக்குப் பொறுப்பு அரண்மனை அதிகாரி திருமேனி. சம்பிரதாயத்தில் புலி. தீவின் வழக்கத்தை அரசிக்குச் சொல்லிக்கொடுத்தார். அதோடு விட்டாரா? தீவுக்கு ஆளனுப்பி, வெண்கழி வழக்கத்தை வேந்தருக்கும் தெரியப்படுத்தினார். இந்த விருந்து கெட்டால் இன்னொரு தலைமுறைக்குக் கப்பல் வராது என்பதும், பழி தன் தலையில்தான் விடியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வேந்தர் துறைமுகத்தில் இறங்கியதும், கூடியிருந்த சனங்கள் முன்னால் அரசி, "இன்றைய விருந்தில் உங்கள் வழக்கப்படியே நடப்பேன். இது என் வாக்கு" என்றார். வேந்தருடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் உமையாள் அதைத் தீவின் மொழியில் சொன்னாள். வேந்தர் நெகிழ்ந்துபோனார். "நான் உங்கள் வழக்கப்படியே உண்பேன். இது என் வாக்கு" என்றார். கரை அதிரக் கைதட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் தட்டியவர் திருமேனி.

உமையாள் வெண்கழி உப்பளத்துப் பெண். போக்குவரத்து நிற்குமுன் புறப்பட்ட கடைசிக் கப்பலில் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அதன்பின் இன்றுதான் இந்த மண்ணை மிதிக்கிறாள். கூட்டத்திலிருந்து அவள் அண்ணி, "ஏ உமையா, நம்ம வீட்டுக்கு வராம எங்கடி போற?" என்று கத்தினாள். உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். திருமேனி குறுக்கே வந்தார். "அம்மா, நீங்க வேந்தரோட வந்த விருந்தாளி. வரிசையை விட்டு விலகாதீங்க."

பந்தலில் தலைவாழை இலை போட்டுப் பரிமாறியாயிற்று. எல்லாரும் அமர்ந்தார்கள். உமையாள் மட்டும் மொழிபெயர்ப்பதற்காக அரசிக்கும் வேந்தருக்கும் நடுவே நின்றாள். அரசி வேந்தரைப் பார்த்துப் புன்னகைத்தார். வேந்தர் அரசியைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒருவரும் இலையில் கைவைக்கவில்லை. நெய் உறைந்தது. அப்பளம் நமுத்தது. கொஞ்ச நேரத்தில் புன்னகையும் நமுத்துப்போனது.

அப்போதுதான் திருமேனிக்குத் தான் செய்துவைத்த காரியம் புரிந்தது. அரசி அருகே குனிந்தார். "தேவி, நீங்களாவது ஒரு வாய்..."

"ஊரறிய வாக்குக் கொடுத்திருக்கேன் திருமேனி. வந்தவங்கதான் முதல்ல."

திருமேனி உமையாளைப் பார்த்தார். "வேந்தரும் பிடிகொடுக்க மாட்டேங்கிறார்" என்றாள் அவள். "வீட்டுக்காரங்கதான் முதல்ல சாப்பிடணுமாம்."

சமையற்காரரை ஒரு வாய் உண்ணச் சொல்லலாமா? அவர் வீட்டார், அரசியின் வாக்குக் கெடும். தீவின் தளபதியைக் கெஞ்சலாமா? அவர் வந்தவர், வேந்தரின் வாக்குக் கெடும். இருவரும் சேர்ந்தாற்போல் கைவைத்தால்? யாருமே முதல் இல்லை என்றாகிவிடும். போதாக்குறைக்கு, வெண்கழியில் எல்லாரும் ஒரே நேரத்தில் உண்பது இழவு வீட்டுப் பந்தியில்தான். திருமேனி இப்படி மனத்துக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொறுமையிழந்த தளபதி உண்ணாத இலையை மூடக் கையை நீட்டினார். மூடிவிட்டால் விருந்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. திருமேனிக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். விடையைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்: இரண்டு வாக்கும் பிசகாமல் முதல் கவளத்தை எடுக்கக்கூடியவர் அந்தப் பந்தலில் யார்?

விடை: உமையாள். கப்பலேறி வேந்தரோடு வந்ததால் அவள் வந்தவள். ஆனால் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை எந்த ஊரில் அந்நியராக வைத்திருக்கிறார்கள்? நேரே அடுக்களைக்குப் போய்த் தானே போட்டுச் சாப்பிடும் உரிமை உள்ளவள் அவள். ஆகவே வீட்டாரும் அவளே. தளபதியின் கை இலையைத் தொடுமுன் திருமேனி இதை அரசியின் காதில் போட்டதும், அரசி சட்டென்று எழுந்துவிட்டார். தம் பக்கத்திலேயே ஓர் இலை போடச் சொன்னார். "பொறந்த வீட்ல பொண்ணு பசியோட நிக்கலாமா? உக்காரு தாயி. முதல்ல நீ சாப்பிடு." உமையாள் உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். "அரசி என்ன சொல்கிறார்?" என்று வேந்தர் கேட்டார். அவள் வாயில் கவளத்தோடு அழுதுகொண்டிருந்தாள். வேந்தர் அவளைப் பார்த்தார், அரசியைப் பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.