ஆறு மணி ரயில்

ஏகாம்பரம் மடத்துக்கு வந்தது விடைபெறுவதற்கு.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கடைச் சாவியைக் கொடுத்துடறேன் சாமி. மகன் பட்டணத்துல இருக்கான். அவனோட போய் இருந்துக்கறேன்."

சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான் என்று ஏகாம்பரம் கை கட்டியே நிற்பார். சாமியோ அவரைப் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

"யாரு வாங்குறாங்க, பெரியவரே?"

"பைக் ஸ்டாண்டு போடப் போறாங்களாம்."

அப்பாவும் ஏகாம்பரமுமாக ஐம்பது வருஷம் சோறு போட்ட இடம் அது. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு காலத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு இலை கிடைக்காமல் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். இப்போது இருபது இலை விழுந்தாலே அதிசயம்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். பெரிய ஊருக்குப் பக்கத்துல இருக்கற சின்ன ஊருக்கு இதுதான் கதியா? வேலையும் அங்க போயிடுச்சு, ஆளுங்களும் போயிட்டாங்க. நாம என்ன பாவம் பண்ணினோம்?"

"நாளைக்குக் காலையில அஞ்சேமுக்காலுக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. எனக்குப் பசிக்கும். நாலு இட்லி கொண்டு வாங்க."

கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன என்று ஏகாம்பரத்துக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் விடியும் முன்பே எழுந்து வீட்டில் தானே மாவு ஊற்றினார். நாலு கேட்டால் பத்து வைக்கிற கை அவருடையது. டிபன் பாக்ஸ் நிறைந்துவிட்டது.

பிளாட்பாரத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தேர்த்திருவிழா மாதிரிக் கூட்டம். முக்கால்வாசி தெரிந்த முகங்கள். கடையை எட்டு மணிக்குத் திறந்து அடுப்பு மூட்டுவார், நாலு மணிக்குச் சாத்திவிட்டுப் போவார். அப்பா வைத்த நேரம் அது. எதிரே இருக்கும் ஸ்டேஷனில் ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

சாமி பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். சாம்பார் வாசனை பிடித்துப் பக்கத்தில் நின்ற பெண் திரும்பினாள். தச்சர் மாசிலாமணியின் மகள் செல்வராணி. கழுத்தில் ஏதோ பட்டணத்து ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை தொங்கியது.

"பெரியப்பா! நீங்க எங்க இங்க?"

"அது இருக்கட்டும். கடைப்பக்கமே வர்றதில்லையே, ஏம்மா?"

"எப்படி வர்றது? நான் போறப்ப நீங்க திறக்கல. ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தா சாத்தியிருக்கு. பசியோட ஏறறேன், பசியோட இறங்கறேன்."

சாமி பாக்ஸை அவளிடம் நீட்டினார். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டு எடுத்தாள். "கொஞ்சம் இப்படிக் காட்டும்மா" என்று பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொன்று. ரயில் வருவதற்குள் பாக்ஸ் காலி.

ரயில் போனதும் பிளாட்பாரத்தில் மிஞ்சியது இவர்கள் இருவரும் ஒரு நாயும்தான்.

"இத்தனை பேரும் நம்ம ஊர்லதான் இருக்காங்களா?" என்றார் ஏகாம்பரம். "மத்தியானம் தெருவுல ஈ காக்கா இல்லையே சாமி. ஊரே காலின்னு நினைச்சிட்டேன்."

"மத்தியானத்தைப் பட்டணம் எடுத்துக்கிச்சு, பெரியவரே. அது வாஸ்தவம்தான். காலையையும் சாயங்காலத்தையும் சாத்தி வச்சிருக்கறது நீங்க."

ஏகாம்பரம் மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"பத்து மணிக்குத் தர்றதா வாக்குக் கொடுத்துட்டேனே."

சாமி காலி பாக்ஸை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"பத்து மணி வரைக்கும் கடை உங்களுதுதானே? போய்த் திறங்க. எனக்கு இன்னும் பசிக்குது."