மஞ்சள் நாக்கு

மழை தொடங்கியதும் காட்டு விலங்குகளுக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. முயல்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன.

கரடிதான் மருந்து காட்டியது. பாறையோரம் படர்ந்திருந்த மரமஞ்சள் கொடியைக் கீறியது. உள்ளே பளீரென்று மஞ்சள். வாயில் வைத்தால் குடலைப் பிடுங்கும் கசப்பு! அந்தக் கசப்புச் சத்துதான் கடுப்பை நிறுத்தியது.

"நோய் வந்தால் மட்டும் விரலளவு மெல்லுங்கள். இந்தக் கொடி சீக்கிரம் வளராது!" என்றது கரடி.

மறுநாளே நரி குளக்கரையில் வந்து குந்திக்கொண்டது.

"நோயாளிகள் குளத்தைக் கெடுக்கிறார்கள்! நாக்கை நீட்டுங்கள். மருந்து தின்ற மஞ்சள் நாக்குக்குத்தான் தண்ணீர்!"

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாம் வரிசையில் நின்றன. நோயே இல்லாத குரங்குகள் மூன்று வேளையும் பட்டையை மென்றன.

"ஏய் மிளாமானே, இதெல்லாம் ஒரு மஞ்சளா? என் நாக்கைப் பாரடா!" என்றது ஒரு குரங்கு.

சருகுமான் மட்டும் சளைத்ததா? அதற்கும் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் தினமும் மென்றது. கொடி தீர்ந்ததும் கடைசி வேரைத் தோண்டித் தின்று, தலைநிமிர்ந்து போய்த் தண்ணீர் குடித்தது.

அதற்கு மூன்றாம் நாள், பால் குடிக்கும் அதன் குட்டிக்குக் கடுப்பு கண்டது.

சருகுமான் பாறைக்கு ஓடியது. வெறும் குழி!

"கரடியண்ணே, ஒரு துண்டு கொடுங்களேன்!"

"என்னிடம் ஏது தங்கச்சி? நாக்குக்கே எல்லாவற்றையும் தின்றுவிட்டீர்கள். வயிற்றுக்கு மிச்சம் வைத்தீர்களா?"

சருகுமான், தவிக்கும் குட்டிக்குத் தண்ணீராவது கொடுக்கலாமென்று குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"குட்டியின் நாக்கு வெளுத்திருக்கிறதே! தள்ளிப் போ!" என்று சீறிய நரி, குனிந்து தண்ணீரை நக்கியது.

சருகுமான் திடுக்கிட்டு நின்றது. நரியின் நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது! மஞ்சளின் சுவடே இல்லை!

"ஐயா… நீங்கள் ஒருநாளும் மருந்து தின்னவே இல்லையா?"

"அந்தக் கசப்பை எவன் தின்பான்?" நரி வாயைத் துடைத்துக்கொண்டது. "இத்தனை நாளில் உங்களில் ஒருவராவது என்னை நாக்கை நீட்டச் சொன்னீர்களா?"

சருகுமான் திரும்பிப் பார்த்தது. குட்டி கண்ணைத் திறந்தபடியே சேற்றில் சாய்ந்து கிடந்தது. மூச்சில்லை.

கட்டளை போடுகிறவனை அதே கட்டளைக்கு நிறுத்திக் கேட்காத கூட்டம், தன் பிள்ளையின் மருந்தைத் தானே தின்று தீர்க்கும்.