பாதி தாடியோடு முச்சந்திக்கு வந்த ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, ஆலங்கரை என்கிற சின்னப் பட்டணத்தைச் செண்பகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். மனுஷன் நல்லவன்தான். ஆனால் கடைசியாக எவன் வந்து காதைக் கடித்தானோ, அவன் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

காதைக் கடிப்பதற்கென்றே பக்கத்தில் ஒருத்தர் இருந்தார், அங்காடி அதிகாரி வல்லபராயர். கடைவீதியில் நாற்பத்திரண்டு சின்னக் கடைகள். ராயர் நடந்து போனால் ஒருத்தரும் எழுந்து கும்பிட மாட்டார்கள். எப்படி எழுந்திருப்பார்கள், கையில்தான் வேலை இருக்கிறதே! ராயருக்கு அது பொறுக்கவில்லை.

"மகாராஜா, இதுவும் ஒரு கடைவீதியா? எண்ணெய்க்கு ஒரு கடை, பூவுக்கு ஒரு கடை, சவரத்துக்கு ஒரு கடை! பட்டணத்துக்கே ஒரே பெரிய கடையாக 'மகாசாலை' வைத்தால் எவ்வளவு கம்பீரம்!"

"அட, நன்றாக இருக்கிறதே!" என்றான் ராஜா.

"நாளைச் சூரியோதயம் முதல் மற்றதெல்லாம் மூட வேண்டும். மகாசாலைக்கு வெளியே தொழில் செய்தவனுக்குப் பத்துக் கசையடி. செய்துகொண்டவனுக்கும் பத்து."

"போடும் முத்திரையை!"

மகாசாலையின் முதலாளி தன் சொந்த மச்சான் என்பதை மட்டும் ராயர் சொல்லவே இல்லை. எமகாதகர்!

சேதி சாயங்காலமே கடைவீதிக்கு வந்துவிட்டது. ஐயோ, அந்த வீதி இருந்த இருப்பைப் பார்க்கணுமே! பூக்கடைப் பேச்சியம்மா பாதி கட்டிய மாலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சவரக்கடைச் சடையாண்டி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்? நீதான் ராஜா முகத்தையே தொடுறவன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"வாயால சொன்னா அங்கே ஏறாது தாயி. கத்தியாலதான் சொல்லணும்" என்றான் சடையாண்டி.

"அடப்பாவி, கொலையா!" என்று அலறிவிட்டாள் அவள்.

"சீச்சீ! சவரக்கத்தி தாயி, சவரக்கத்தி!"

மறுநாள் ராஜாவுக்கு முக்கியமான நாள். மகள் கல்யாணம் நல்லபடி அமைய வேண்டுமென்று ஒரு மண்டலம் தாடி வளர்த்திருந்தான். அன்று உச்சிப்பொழுதில் நிச்சயம் பண்ணச் சம்பந்தி ராஜா வருகிறார். விடியுமுன் சடையாண்டி வந்து வலக் கன்னத்தில் கத்தி வைத்தான். அவசரமே இல்லாமல் இழைத்தான். வலப்பக்கம் முடியவும் சூரியன் உதிக்கவும் சரியாக இருந்தது. வெளியே 'டண்டண டண்' என்று தமுக்குச் சத்தம். சடையாண்டி கத்தியை மடித்து இடுப்பில் செருகினான்.

"என்னடா, இந்தப் பக்கம்?"

"தமுக்கு அடிச்சாச்சு மகாராஜா. எனக்கு விழுற பத்தை நான் வாங்கிக்கிறேன். உங்களுக்கு விழுற பத்தை யாரு அடிக்கிறதுன்னு சொல்லுங்க, மிச்சத்தையும் இழைச்சிடுறேன்."

ராஜா கண்ணாடியைப் பார்த்தான். வலக் கன்னம் பளபள, இடக் கன்னம் காடு. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு! பக்கத்தில் நின்ற ராயரிடம் திரும்பினான். "ராயரே! கூப்பிடும் உம்முடைய மகாசாலை ஆளை!"

ஆள் வந்தான், முழ நீளக் கத்தரிக்கோலோடு. அங்கே நின்றவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

"இதுவரை யாருக்கடா சவரம் பண்ணியிருக்கிறாய்?" என்றான் ராஜா, இடக் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டே.

"செம்மறியாட்டுக்குங்க. எங்க மொதலாளி, அதாங்க ராயரோட மச்சான், ஆடானா என்ன ராஜாவானா என்ன, முடி முடிதானே, போடான்னு அனுப்பிச்சாரு."

"மச்சானா!" ராஜா ராயரைப் பார்த்தான். ராயர் தரையைப் பார்த்தார்.

"இந்த உத்தரவு ரத்து!" என்று கத்தினான் ராஜா.

"இங்கே சொன்னா செல்லாதுங்களே" என்றான் சடையாண்டி. அதுவும் வாஸ்தவம்தான். தமுக்கு அடித்த உத்தரவை மாற்ற வேண்டுமானால், ராஜாவே கடைவீதி முச்சந்தியில் நின்று தன் வாயால் மாற்ற வேண்டும். முகத்தை மூடிக்கொண்டும் சொல்லக்கூடாது, ஆள்மாறாட்டமாகிவிடும். அது பாட்டன் காலத்து வழக்கம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழி? ராஜா இறங்கி நடந்தான், பின்னாலேயே ராயரும் மற்றவர்களும்.

முச்சந்தியில் ஜனங்கள் பார்த்தார்கள். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே விறைத்து நின்றார்கள். ராஜா தொண்டையைச் செருமினான்.

"ஜனங்களே, நான் செய்தது தப்பு. உங்கள் கடைகளைத் திறங்கள்!"

ராஜா வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லா! தமுக்குக்காரன் கையிலிருந்து குச்சியே விழுந்துவிட்டது. பேச்சியம்மாவுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"ராயரே, உம்முடைய பதவி இந்த நிமிஷத்தோடு போயிற்று. மகாசாலையையும் இன்றைக்கே மூடப்போகிறோம். போணி ஆகாமல் மூடுவது பாவம், போய் உட்காரும் அந்தக் கத்தரிக்கோலுக்கு முன்னால்!" என்றான் ராஜா. ராயர் குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்து என்ன செய்ய?

அதற்குள் சடையாண்டி ஓடிப்போய்க் கடையைத் திறந்துவிட்டிருந்தான்; ராஜா நேரே அதற்குள் நுழைந்தான். "சீக்கிரம், இந்தப் பக்கத்தை எடு."

"உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காங்க மகாராஜா. அரண்மனையில நீங்க ராஜா. இங்கே வரிசைதான்."

வீதியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தலை உருளப்போகிறது என்று நினைத்தார்கள். ராஜா அவனை முறைத்தான், வெளியே வெயிலைப் பார்த்தான், பிறகு பலகையில் உட்கார்ந்தான்.

அதற்குள் சம்பந்தி ராஜா பரிவாரத்தோடு வந்துவிட்டார். அரண்மனையில் ஆளில்லை என்றதும் தேடிக்கொண்டு கடைவீதிக்கே வந்தார். பாதி தாடியோடு, ஒரு எண்ணெய்க்காரருக்கும் ஒரு தட்டாருக்கும் பின்னால் பலகையில் உட்கார்ந்திருக்கும் ராஜாவைப் பார்த்துத் திகைத்துப் போனார். செண்பகமாறனுக்கோ உயிரே போய்விட்டது. கல்யாணம் போச்சு!

"தன் ஊர்க் கடையில் ராஜாவே வரிசையில் உட்காருகிறாரா?" என்று கேட்டார் சம்பந்தி. அப்புறம், வழியெல்லாம் புழுதி படிந்த தன் தாடியைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்டில் பெண் எடுக்கலாம். ஏனப்பா, எனக்கு முன்னால் எத்தனை பேர்?"

"மூணு பேருங்க" என்றான் சடையாண்டி, கத்தியைத் தீட்டிக்கொண்டே.