காலிக் குழாயின் அறிக்கை

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஆசீர்வாதம் பொறுப்பாளராக இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு இந்த வேலையின் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மெஹருன்னிசா. அவரைவிட எட்டு வயது இளையவர்.

ஒருமுறை ஒரு பெண்ணின் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகப் பழைய மெஷின் சொன்னது. நான்காம் நாள் அவள் இறந்துபோனாள். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் ஆசீர்வாதம். அதன்பிறகு அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

புது மெஷின் வாங்குவதென்று முடிவானது. மூன்று நிறுவனங்கள் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து சோதனைக்கு வைத்துவிட்டுப் போயின. குழாயில் ரத்தத்தை வைத்தால் போதும். ஊசி தானே இறங்கி எடுக்கும். சர்க்கரை, யூரியா, உப்பு எல்லாம் அளந்து தாளில் அடித்துத் தரும்.

ஒரு மதியம் மெஹருன்னிசாவை வரவழைத்தார் ஆசீர்வாதம். எது வேகம், எது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்:

“எதை நம்பலாம் டாக்டர்?”

மெஹருன்னிசா மூன்று புதுக் குழாய்களை எடுத்தார். எதிலும் எதையும் ஊற்றவில்லை. மூன்றிலும் ஆசீர்வாதத்தின் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டினார்.

“நீங்களே வைங்க.”

வைத்தார்.

முதல் மெஷின் பத்து நிமிடத்தில் தாளைத் தள்ளியது. சர்க்கரை தொண்ணூற்று நான்கு. யூரியா இருபத்தாறு. எல்லாமே நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஒருவருடைய கணக்கு. மேலே அவர் பெயர்.

இரண்டாவதும் தாள் தந்தது. பொட்டாசியம் ஒன்பதுக்கு மேல். அந்த அளவு உள்ளவர் உயிரோடு எழுந்து நிற்க மாட்டார். அதிலும் அவர் பெயர்தான். ஆசீர்வாதம் தன்னை அறியாமல் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதன் ஊசி இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கி, குழாயின் அடிவரை துழாவியது. பிறகு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அவர் பெயர். அதற்கு நேரே, உள்ளே ஒன்றும் இல்லை என்ற வரி. அதைப் படித்தபோதுதான் அவருக்கு முதுகு சில்லிட்டது.

மூன்றாவதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஆசீர்வாதம். அது அடிக்கடி நின்றாலும் பரவாயில்லை என்றார்.

“எடுங்க,” என்றார் மெஹருன்னிசா.

“இனிமே பயம் இல்ல டாக்டர்.”

“முதல் மெஷின் குடுத்த தாள் எங்கே?”

மேசையில் தேடினார். இல்லை. குனிந்து தரையில் தேடினார். அங்கும் இல்லை. நிமிரும்போது சட்டைப் பையில் ஏதோ மொடமொடத்தது. எடுத்துப் பார்த்தார். நான்காக மடித்து, பத்திரமாக இருந்தது. எப்போது எடுத்து வைத்தோம் என்று அவருக்கு நினைவே வரவில்லை.

மெஹருன்னிசா மெதுவாகக் கேட்டார்:

“குழாய் காலின்னு தெரிஞ்சும் இந்தத் தாளை எடுத்து வச்சிருக்கீங்களே?”