ஜப்பான் ஜாடியின் மூன்று பூ

அடைக்கலம், சேவுகன், சாத்தையா என்று அண்ணன் தம்பி மூன்று பேர். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கஷ்டம் அது ஒன்றுதான். மூவருக்கும் வேலையும் சோறும் உமையாள் ஆச்சி வீட்டில்.

ஆச்சி மகளின் கல்யாணச் சீரில் ஒரு ஜப்பான் பீங்கான் ஜாடி இருந்தது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது. பால் மாதிரி வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் சின்னக் கிளையில் மூன்று சிவப்புப் பூ. மற்றபடி சுற்றிலும் வெறும் வெள்ளைதான்.

கார் குலுக்கும் என்று, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோக, வைக்கோல் கூடையில் ஜாடியை நிற்க வைத்து இவர்கள் தலையில் ஏற்றினார் ஆச்சி. "அடேய், பத்திரம்! யார் பாத்தாலும் மூணு பூவும் இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் எங்க வீட்டுல சோறு கிடையாது."

வழியில் கூடையை இறக்கிவிட்டு ஊருணியில் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அதற்குள் ஓர் ஆடு வந்து வைக்கோலை இழுக்க, கூடை திரும்பிக்கொண்டது. வந்து பார்த்தால் ஜாடி வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

"போச்சு! பூவை ஆடு தின்னுருச்சு!"

"கிளையையுமாண்ணே?"

"ஆடு கிளைய விடுமாடா?"

ஆட்டைப் பிடித்து வாயைப் பிளந்தார்கள். சேவுகன் குனிந்து பார்த்தான். "செவப்பாத்தான் இருக்கு."

"அது நாக்குடா."

ஆடு திமிறி ஓடியது. துரத்திப் போன சாத்தையா ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "அண்ணே, பூ இங்க இருக்கு!"

"இங்க இல்லையேடா."

"இங்க இருக்குண்ணே!"

அடைக்கலம் வெகுநேரம் யோசித்தான். "பூ ஒரு பக்கந்தான் நிக்கும்போல. பாக்குறவுக பக்கம் நாமதான் திருப்பிவிடணும். சோத்து விஷயம்டா."

கல்யாண வீட்டில் உமையாள் ஆச்சி ஜாடிக்கு முன்னால் வந்து நின்றார். பூவை அவர் பக்கம் திருப்பினார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ஜாடிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"திருப்பவாண்ணே?"

"திருப்புனா நம்ம ஆச்சிக்குப் பூ இருக்காதேடா."

"அப்ப என்ன செய்ய? ரொம்ப உருட்டுனா ஜாடி உடைஞ்சிருமே."

"சம்பந்தி ஆச்சி உடைய மாட்டாகள்ல?"

மூவரும் சம்பந்தியம்மாவைப் பட்டுப்புடவையோடு அலாக்காகத் தூக்கி உமையாள் ஆச்சி பக்கத்தில் இறக்கி வைத்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் பூ சரியா இருக்குல்ல ஆச்சி? எங்களுக்கு இலை போடச் சொல்லுங்க."

அப்போது பின்வாசல் வழியாக மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்து ஜாடிக்குப் பின்னால் நின்றார். நல்ல கனத்த சரீரம்.

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.