பானையடி மணலில் ஓர் இலை

கேளுங்கள், சொல்கிறேன். கப்பல்கள் காற்றையும் பாயையுமே நம்பி ஓடிய காலம் அது. கடலோரப் பட்டினம் ஒன்றில் தானிய வணிகர் ஒருவர் இருந்தார். இது அவர் கதையல்ல. அவர் மனைவி உமையாளின் கதை.

உமையாளுக்கும் மருமகள் செங்கமலத்துக்கும் சண்டை கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு புறப்பட்ட அன்றுதான் மருமகள் முதன்முதலாக மாமியாரிடம் ஓர் உதவி கேட்டாள். சின்னஞ்சிறு தொட்டியில் ஒரு செடியை நீட்டினாள். பூனைக்குட்டியின் காதுபோல மெத்தென்ற இலைகள், நடுவில் ஊதாப் பூக்கள்.

“அத்தை, எங்கப்பா கடல் தாண்டிப் போய்க் கொண்டுவந்தது. அவரும் இப்ப இல்ல. நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க.”

உமையாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னை நம்பி ஒன்றைத் தந்துவிட்டாளே! இனி சும்மா இருப்பாளா?

குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தினமும் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். இலைகளில் புள்ளி விழுந்தது. குளிர் தாங்கவில்லை போலும் என்று முற்றத்து வெயிலில் வைத்தாள். இலைகள் கருகின. பசிக்கிறதோ என்று பெரிய தொட்டிக்கு மாற்றி எருவை அள்ளிப் போட்டாள். ஒரே வாரத்தில் வேர் அழுகி, குருத்து கூழாகிவிட்டது.

மிஞ்சியது ஒரே ஓர் இலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உமையாள் அழுதாள்.

“எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடேன்,” என்றார் கணவர்.

“எலி மேல பழியைப் போட்டுட்டு, அவ முகத்தை நான் எப்படிப் பாக்கறது?”

இலையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அடுப்படிச் சன்னலருகே, குடிதண்ணீர்ப் பானை உட்கார்ந்திருந்த ஈர மணலில் காம்பை ஊன்றினாள். இதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, வெயிலில் வைக்கவில்லை, எரு இடவில்லை. பானையில் கசிந்த ஈரமும் சன்னல் வெளிச்சமும் மட்டுமே அதற்கு ஆகாரம். காலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துக் காம்படியில் கடுகளவு பச்சை தெரிந்தது. உமையாள் சத்தம் போடக்கூடப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

செங்கமலம் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஆரத்தித் தட்டைக் கீழே வைத்த கையோடு உமையாள் அவளைப் பானையடிக்கு அழைத்துப் போனாள். அங்கே மூன்று குட்டிச் செடிகள். பூ இன்னும் வரவில்லை.

“உங்கப்பா செடியை நான்தாம்மா கொன்னுட்டேன். மிஞ்சின ஒரு இலையில வந்தது இது.”

செங்கமலம் குனிந்து ஒரு குட்டி இலையை விரலால் தொட்டாள்.

“அப்பா நாலு இலை கொண்டுவந்தாரு அத்தை. ஒண்ணுதான் செடியாச்சு. மூணை நான்தான் தண்ணி ஊத்தி ஊத்தியே அழுக வச்சேன். எலி தின்னுடுச்சுன்னு சொன்னேன். அவர் போற வரைக்கும் உண்மையைச் சொல்லவே இல்ல.”

சொல்லிவிட்டு, குழந்தையை மாமியார் மடியில் வைத்து, அவள் தோளில் சாய்ந்து அழுதாள். உமையாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

செய்த தவற்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்பவர் கையில்தான், மிஞ்சிய ஓர் இலையும் செடியாகும்.