ஆறிய சோறும் ஆறாத புண்ணும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், வீரகேது என்ற மன்னர் ஒரு கையில் செங்கோலும் மறு கையில் வயிறுமாக அரசாண்டு வந்தார். அவருக்கு வயிற்றில் புண். பசி வந்தால் எரியும். எரிந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் யாராவது நாடு கடத்தப்படுவார்கள்.

அரண்மனை வைத்தியர் ஆவுடையப்பர் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தார். அதிமதுரப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தார். "பசியோடு காத்திருக்காதீர்கள் பிரபு, சாப்பிட்டுவிடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். மருந்து உள்ளே போனது. புண் ஆறவில்லை.

அந்த அரண்மனையில் பசித்தவுடன் சாப்பிட முடியாது. மன்னர் சோற்றில் கைவைக்கும் முன் அவர் புகழைப் பாட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த விதி. பாட்டனார் காலத்தில் அந்தப் பாட்டு நாலு வரிதான். அவைப்புலவர் விடங்கனார் அதைச் சோறு ஆறி, கீரை கறுத்து, நெய் உறையும்வரை நீட்டிவிட்டார். மன்னர் உண்ணாமல் மற்றவர்களும் உண்ண முடியாது. அதனால் பாதி அவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். அந்த வயிறுகளைச் சிரிக்கவைக்கும் வேலை விகடகவி தத்தனுக்கு. அவன் அலுத்துப்போயிருந்தான். காலையில் கண் விழிக்கும்போதே, இன்றைக்கு என்ன சொல்லித் தொலைப்பது என்ற நினைப்புதான் வரும்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் மன்னர் கத்தினார். "வைத்தியரே, உம் கீரையை ஆட்டுக்குப் போட்டிருந்தால் ஆடாவது கொழுத்திருக்கும்! நாளைப் பொழுது சாய்வதற்குள் என் எல்லையைத் தாண்டிவிடும்."

ஆவுடையப்பர் தம் மருந்துப் பையைக் கட்டத் தொடங்கினார். தள்ளாத வயது. எந்த ஊருக்கென்று போவார்?

தத்தன் மெல்ல எழுந்தான். "அரசே, கீரை மேல் குற்றமில்லை. அது தங்களிடம் வந்து சேரும் நேரம்தான் சரியில்லை."

"கேட்டீர்களா பிரபு!" விடங்கனார் துள்ளி எழுந்தார். "தங்கள் புகழ் நீளமாம்! முன்னோர் விதியை மாற்ற வேண்டுமாம், இந்தக் கோமாளிக்கு!"

மன்னர் வயிற்றைத் தடவியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தத்தா, விதியில் ஒரு சொல் மாறக்கூடாது. பாட்டில் ஒரு வரி குறையக்கூடாது. ஆனால் நாளை எனக்குப் பசித்த கணமே சோறு வாயில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் வைத்தியரோடு நீயும் நட."

"வழித்துணைக்கு ஆள் கிடைத்தது வைத்தியரே" என்றான் தத்தன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நண்பகலில் மன்னர் "பசிக்கிறது" என்றார். தத்தன் கைகாட்டினான். ஆவி பறக்கச் சோறும் கீரையும் வந்தன.

"உண்ணுங்கள் அரசே."

"நிறுத்துங்கள்!" என்று அலறினார் விடங்கனார். "நான் இன்னும் பாடவில்லை!"

"விதி என்ன சொல்கிறது புலவரே?"

"மன்னர் சோற்றில் கைவைக்கும் முன் பாட வேண்டும்."

"நேற்று இரவு பாடினீர்களே, அது இப்போதைக்கு முன்னா, பின்னா?"

"முன்புதான். ஆனால் அது நேற்றைய சோற்றுக்கு!"

"எந்தச் சோற்றுக்கு என்று விதியில் இல்லையே. புதிதாக நீங்கள் சேர்க்கிறீர்களா? ஒரு சொல்லும் மாறக்கூடாது என்பது அரசர் ஆணை." தத்தனின் குரலில் களைப்பு. "மன்னர் உண்டு முடிக்கட்டும். பிறகு ஒரு வரி விடாமல் பாடுங்கள். அது இரவுச் சோற்றுக்கு முன் பாடியதாகும்."

விடங்கனார் வாயைத் திறந்தார். புளித்த ஏப்பம்தான் வந்தது.

"அவருக்கும் ஒரு கிண்ணம் கீரை" என்றார் ஆவுடையப்பர்.

மன்னர் சிரித்தார். வயிறு வலித்தது, இருந்தும் சிரித்தார். சிரித்தபடியே முதல் கவளத்தை வாயில் வைத்தார். "வைத்தியரே, எங்கும் போக வேண்டாம். தத்தா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"சாப்பிடும்போது என்னைப் பேசச் சொல்லாதீர்கள் அரசே. அது போதும்."

மன்னர் மறுபடி சிரித்துவிட்டு, தம் கழுத்து முத்துமாலையை அவனுக்கு அணிவித்துப் பக்கத்தில் இலை போடச் சொன்னார். மழைக்காலம் முடிவதற்குள் அவர் புண் ஆறிவிட்டது. நண்பகல்களில் அந்தப் பெரிய மண்டபத்தில் அத்தனை பேரும் சூடாக, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். அதன் பிறகு விடங்கனார் பாடுவார். வயிறு நிறைந்திருந்ததால் அவருக்கே பாதியில் கொட்டாவி வந்துவிடும்.